குடித்தனக்காரன்

காலையில் அலாரம் எனக்குத்தான் அடிக்கும். என் மனைவி தூங்கிக்கொண்டிருக்கும்போதே போர்வைக்குள்ளிருந்து அவள் கையை வெளியே எடுப்பேன். விரல் நுனியைத் துடைத்துக் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மீட்டரைப் பார்ப்பேன். எண்ணைச் சத்தமாகச் சொல்வேன். அவள் கண்ணைத் திறக்காமலே இன்சுலின் அளவைச் சொல்வாள். ஊசி போட்டதும் எழுந்து பல் தேய்க்கப் போவாள். நான் அடுப்பைப் பற்றவைப்பேன். கல்யாணமானதிலிருந்து இப்படித்தான்.

அவளுக்குச் சர்க்கரை நோய் ஒன்பது வயதில் வந்தது. உடம்பு இன்சுலினே சுரக்காத வகை. வருடங்கள் போகப்போக ஒரு கெடுதல் கூடச் சேர்ந்தது. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கினாலும் அவளுக்குத் தெரியாது. வியர்க்காது, கை நடுங்காது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. ஒருநாள் ஒருவரை எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியோடு சரிந்தாள். அந்த ஆள் கடைசி வரி வரை படித்து முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாராம். அதை அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இதுவே தூக்கத்தில் வந்தால் எழமாட்டாள் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

புதிய சிகிச்சையைப் பற்றிச் சொன்னதும் அவர்தான். பன்றிக் கருவில் கணையம் உருவாகத் தொடங்கும் பருவத்தில் அதிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து நோயாளியின் வயிற்றுக்குள் வைப்பார்கள். அவை அங்கேயே ரத்தக்குழாய் பிடித்து வளர்ந்து இன்சுலின் சுரக்க வேண்டும். சோதனைக் கட்டம்தான். உடம்பு அவற்றை விரட்டிவிடாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைக்க வேண்டும். அதனால் காய்ச்சல் என்றால் உடனே வந்துவிட வேண்டும் என்றார்.

"பன்னியா?" என்றாள் மனைவியின் அக்கா. "வேற நல்ல பிராணி எதுவும் கிடைக்கலையா?"

"மயில் கேட்டேன். ஸ்டாக் இல்லையாம்" என்றாள் என் மனைவி.

வைத்தார்கள். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஊசி தொடர்ந்தது. அந்தத் துணுக்குகளுக்கு அவள் குடித்தனக்காரன் என்று பேர் வைத்தாள். "நல்லா சாப்பிடறான், தூங்கறான். வாடகைதான் வரலை." பிறகு காலை எண்கள் இறங்க ஆரம்பித்தன. ஊசி அளவைக் குறைத்தோம். மறுபடி குறைத்தோம். அவள் உடம்புக்குள்ளேயே இன்சுலின் சுரப்பது ரத்தப் பரிசோதனையில் தெரிகிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. ஒருநாள் காலை நூற்றுப் பன்னிரண்டு என்று சொன்னேன். அவள் அளவு எதுவும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அன்று ஊசி இல்லை.

மூன்று வாரம் ஊசி இல்லாமல் போனது.

எங்கள் வீட்டில் மீட்டர்தான் காவல் நாய். சளி, பல்வலி, எது வந்தாலும் அதுதான் முதலில் குரைக்கும். எண் ஏறிவிடும். அன்று காலை அவள் கை சூடாக இருந்தது. குத்திப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு. போர்வைச் சூடு என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் சொன்னாள். காய்ச்சலுக்கு ஏறியிருக்க வேண்டிய சர்க்கரையைக் குடித்தனக்காரன் ஏறவிடவில்லை. அது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. நான் வேலைக்குப் போனேன்.

மத்தியானம், வீட்டுக்கு வந்திருந்த அக்கா ஃபோன் செய்தாள். "தம்பி, இவ ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. காய்ச்சல் மாத்திரை போட்டிருக்கா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுங்கறா."

நான் போனபோது சோபாவில் இரண்டு போர்வைக்குள் இருந்தாள். பல் தந்தியடித்தது.

"கிளம்பு."

"இப்பதான் பாத்தேன். நூத்தி இருபத்தொண்ணு. இந்த நம்பரை வெச்சுக்கிட்டு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா?"

"காய்ச்சல்னா வரச் சொல்லியிருக்காங்க."

"போனா மருந்தை நிறுத்துவாங்க. இவனைக் காலி பண்ண வெச்சிடுவாங்க. மூணு வாரம்டா. மூணே வாரம்."

"உயிரைவிடவா இது பெருசு?"

"சீரியல் வசனம் பேசாத. ராத்திரி வரைக்கும் பாப்போம். குறையலைன்னா நானே வரேன்."

"சின்ன வயசுலேர்ந்தே பிடிவாதம்" என்றாள் அக்கா. "இவகிட்ட என்ன பேச்சு, தூக்குங்க தம்பி."

போர்வையை விலக்கினேன். பாதம் ஜில்லென்று, திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்தது. தூக்கினேன். அவள் திமிறவில்லை. அப்போதுதான் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தத்தை இரண்டு தடவை பார்த்தார்கள். இரண்டாவது தடவை நர்ஸ் எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. டாக்டர் வேகமாக வந்தார்.

"கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு. எதிர்ப்புச் சக்தியை அடக்கற மருந்தை நிறுத்தணும். நிறுத்தினா உள்ள வெச்சது பிழைக்காது. நிறுத்தலைன்னா சண்டை போட உங்க உடம்புல ஆளே இல்லை."

"ரெண்டு நாள் கழிச்சு நிறுத்தினா?"

"ரெண்டு நாள் இருக்கான்னு தெரியலைம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"நிறுத்திடுங்க."

மருந்தை நிறுத்தினார்கள். கிருமி நிற்கவில்லை. அன்று இரவே தொண்டைக்குள் குழாய் விட்டுச் சுவாசக் கருவி வைத்தார்கள். அதன் பிறகு அவள் பேசவில்லை. அந்த வாரமே இறந்தாள்.

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அக்கா ஒன்று சொல்கிறாள். "'அவரைத் தனியா விட்டுடாதக்கா'ன்னா. அதுதான் கடைசிப் பேச்சு." அக்கா அந்த நேரத்தில் கீழே மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தாள். நான் திருத்துவதில்லை. கேட்பவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். தலையாட்டுகிறேன்.

அவள் கடைசியாகப் பேசியது வேறு. மருந்தை நிறுத்தச் சொன்ன கொஞ்ச நேரத்தில், கிருமியின் வேகத்தைக் குடித்தனக்காரனால் சமாளிக்க முடியாமல், சர்க்கரை ஏறத் தொடங்கியது. இருநூறைத் தாண்டியதும் டாக்டர் இன்சுலின் போடச் சொன்னார். நர்ஸ் ஊசியோடு வந்து சட்டையை விலக்கி வயிற்றில் இடம் பார்த்தாள். என் மனைவி குனிந்து பார்த்தாள். நர்ஸின் கையைப் பிடித்து மறுபக்கம் நகர்த்தினாள்.

"அங்க வேண்டாம் சிஸ்டர். குத்திக் குத்திக் கெட்டியாயிடுச்சு, மருந்து இறங்காது. இந்தப் பக்கம் போடுங்க."