கமாண்டு மருதையன் கொடுத்த மனு

மருதையனுக்கு ஊரில் கமாண்டு என்று பெயர். பூனாவிலிருக்கும் தென்மண்டல ராணுவத் தலைமையகத்தில் வருஷக்கணக்காக ஃபைல் சுமந்து, நாயக் என்ற சின்னப் பதவியோடு ஓய்வுபெற்று வந்தவன். டீக்கடையில் யார் அகப்பட்டாலும் விடமாட்டான். மெட்ராசுக்கென்று ஒரு காலத்தில் தனிப்படை இருந்ததையும், வெள்ளைக்காரன் அதைக் கலைத்துவிட்டு நாட்டைக் கமாண்டு கமாண்டாகப் பிரித்ததையும், கடைசியில் தென்னாடு முழுக்கப் பூனாவுக்கு அடங்கியதையும் சொல்லுவான். கமாண்டுக்குக் கீழே ஏரியா, அதற்குக் கீழே சப் ஏரியா, அதற்கும் கீழே ஸ்டேஷன்.

"சிப்பாய் ஒரு படியைத் தாண்டி மனு குடுத்தான்னா, நியாயம் அவன் பக்கம் இருந்தாலும் தண்டனை அவனுக்குத்தான்" என்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

அவன் அப்பன் காலத்திலிருந்து குத்தகைக்கு உழுதுவந்த ஆறு மா நிலம் மிராசுதாருடையது. ரசீதும் கிடையாது, ஒன்றும் கிடையாது. உழுகிறவன் பெயரைப் பதியச் சொல்லிச் சர்க்கார் சட்டம் கொண்டுவந்தது. மன்னார்குடியில் தாசில்தார் முகாம் போட்டு உட்கார்ந்தார். பெயர் ஏறிவிட்டால் எந்தக் கொம்பனாலும் அசைக்க முடியாது. ஏறாவிட்டால் அடுத்த நடவு மிராசுதாருடையது. விவசாயச் சங்கத்துக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு முகாமுக்குக் கிளம்பினார்கள்.

"நீயும் போய்யா" என்றாள் அவன் மனைவி அம்சம்.

"பட்டாமணியாரு இருக்கறப்ப தாசில்தார்கிட்ட நேரா போறதா? முறைன்னு ஒண்ணு இருக்கு புள்ள."

"அவரு மிராசுதாருக்கு மச்சான்யா!"

"மச்சானா இருந்தாலும் உத்தியோகம் உத்தியோகந்தான்."

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். ஆனால் மனுவோடு போனவனிடம் கிராம அதிகாரியான பட்டாமணியார் ஐயாவு, "வாங்க நாயக், உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். அந்த வீட்டு வாசலில் மருதையன் தெருக்காரன் எவனும் உட்கார்ந்ததில்லை. மனுவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நானே மேல அனுப்புறேன். நீங்க அலைய வேணாம்" என்றார். மருதையனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நாற்காலிக்காகவே முகாம் முடியும்வரை வீட்டோடு கிடந்தான் என்றாலும் பொய்யில்லை.

முகாம் முடிந்து தாசில்தார் வயல்களைப் பார்க்க வந்தார். பட்டாமணியார் கூடவே நடந்தார்.

"இது யார் சாகுபடி?"

"பண்ணைச் சாகுபடிங்க, மிராசுதாரே ஆள் வச்சு உழுவுறாரு" என்றார் பட்டாமணியார்.

வரப்போரம் மருதையன் விறைத்து நின்றான். அம்சம் முதுகில் இடித்தாள். அப்போதும் அவன் தாசில்தாரைப் பார்க்கவில்லை. பட்டாமணியாரைப் பார்த்து, "ஐயா, என் மனுவைப் பத்திச் சொல்லுங்க" என்றான்.

"எந்த மனு?"

"பொய்யிங்க! நாங்கதாங்க உழுவுறோம்!" என்று அம்சம் கத்தினாள்.

தாசில்தார் மருதையன் பக்கம் திரும்பினார். "அப்ப முகாமுக்கு ஏன் வரலை?"

"முறைப்படி..." என்றான் மருதையன். சொல்லிவிட்டு மறுபடியும் பட்டாமணியாரைப் பார்த்தான். படுபாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தாசில்தார் அடுத்த வயலுக்கு நடந்தார்.

அந்த நடவுக்கு மிராசுதாரின் ஆட்கள் ஏர் பூட்டினார்கள். அம்சம் கூலிக்காரப் பெண்களோடு தன் வயலிலேயே நாற்று நட்டாள். மத்தியானம் மருதையன் கஞ்சித் தூக்கோடு வந்து வரப்பில் கால் வைத்தான்.

அம்சம் நிமிர்ந்தாள். "அந்தா, பண்ணைக் காரியக்காரரு நிக்கிறாரு. அவருகிட்ட உத்தரவு வாங்கிட்டு எறங்குய்யா."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். மருதையன் காலைப் பின்னுக்கு எடுத்தான். தூக்கைக் கீழே வைத்துவிட்டு, உத்தரவு கேட்கத்தான் போனான்.