எல்லாம் பச்சை

கேஸ் தீர்ந்துவிட்டதை அப்பாவிடம் சொல்லிவிட்டு வா என்றுதான் சிட்டுவை அனுப்பினேன். சமையலறையிலிருந்து ஹாலுக்குப் பத்து எட்டு இருந்தால் அதிகம். போனவள் நடுவில், சுவரோரமாக நின்றுவிட்டாள். எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையை வயிற்றில் வைத்து, மூச்சை உள்ளே இழுத்தாள். கொஞ்சம் பிடித்து வைத்தாள். மெதுவாக விட்டாள். மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு ஹாலுக்குப் போய், "அப்பா, கேஸ் தீந்துருச்சாம்" என்றாள். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு ஆயத்தம் எதற்கு?

திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அங்க நின்னு என்னடி பண்ணுனே?"

"மூச்சு விட்டேன்."

"இத்தனை நாள் விடாமலா இருந்தே?"

"இது வேற மூச்சும்மா. மூச்சு மிஸ் சொல்லிக் குடுத்தாங்க."

தோண்டித் துருவியதில் விஷயம் வெளியே வந்தது. பிள்ளைகளின் மனதைப் பார்த்துக்கொள்ள என்று பள்ளியில் இந்த வருடம் ஒரு டீச்சரைப் போட்டிருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம். பரீட்சை கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. பாயில் உட்கார்ந்து கண்ணை மூடி, மின்விசிறிச் சத்தத்தைக் கேட்க வேண்டுமாம். அப்புறம் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டுமாம். மின்விசிறி வரைக்கும் எனக்கு ஒன்றும் இல்லை. மனதில் இருப்பதைச் சொல்வது என்றதும்தான் சுருக்கென்றது.

ஏனென்றால் சொல்வதற்கு எங்கள் வீட்டில் இருக்கிறது. நானும் அவரும் நேருக்கு நேர் பேசி நான்கு மாதம் ஆகிறது. ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் போனை எடுத்துத் துழாவினேன். ஒன்றும் இல்லை. ஆனால் நான் துழாவியதை அவர் பார்த்துவிட்டார். அடுத்த வாரம் அவருடைய அண்ணன் வந்திருந்தபோது, என் காதுபடவே, "இவகூட இருக்கறது பரீட்சை ஹால்ல உக்காந்திருக்கற மாதிரிண்ணே" என்றார். இருவரும் சிரித்தார்கள். அன்றைக்கு மூடிய வாயை நான் திறக்கவில்லை, அவரும்தான். சண்டை இல்லை, சத்தம் இல்லை, பக்கத்து வீட்டுக்கு ஒரு பொட்டுத் தெரியாது. கேஸ், கரண்ட், காய்ச்சல் எதுவானாலும் சிட்டு வழியாகத்தான் போகும், அவள் வழியாகத்தான் வரும். இப்போது அவளைப் பாயில் உட்காரவைத்து வாயைப் பிடுங்க ஒருத்தி வந்திருக்கிறாள்.

சட்டைக் கம்பெனியில் எனக்குக் கடைசிச் செக்கிங் வேலை. காலரைப் பிடித்து உதறி, தையலை இழுத்து, பட்டனைத் திருகிப் பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பதினான்கு வருடமாக ஒட்டுகிறேன். வீட்டுக்கு வரும்போது என் சட்டைக்கையில் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டே வரும். சிட்டு அவற்றை உரித்துப் பென்சில் டப்பாவில் சேர்த்து வைப்பாள். கை ஓய்ந்தாலும் கண் ஓயாது. மறுநாள் அவள் விளையாடப் போனதும் பையைக் கவிழ்த்தேன்.

கணக்கு நோட்டுக்கு நடுவில் ஓர் அட்டை இருந்தது. 'இன்று என் மனம்' என்று தலைப்பு. நாளுக்கு ஒரு கட்டம், ஆறு வாரம். மகிழ்ச்சி என்றால் பச்சை, படபடப்பு என்றால் மஞ்சள், சோகத்துக்கு நீலம், கோபத்துக்குச் சிவப்பு. முப்பது கட்டமும் பச்சை. ஒவ்வொரு வாரத்துக்குக் கீழேயும் என் கையெழுத்து வேறு. ஏதோ ஓவியப் பாடம் என்று நினைத்து வெள்ளிக்கிழமைதோறும் போட்டிருக்கிறேன். ஊரில் எவன் தைத்த சட்டையையும் விடாத கண், வீட்டுக்கு வந்த அட்டையைக் கோட்டைவிட்டிருக்கிறது.

அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரே பென்சில், ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். தினமும் அடித்த வண்ணம் இப்படி இருக்காது. கம்பெனியில் ஒரு வாரம் முழுக்க ஒரு தப்புகூட இல்லை என்று தாள் வந்தால், முதலில் அந்தத் தையல் லைனுக்குத்தான் போவோம். பார்க்காமலே நிரப்பியிருப்பார்கள். இது யார் வேலை என்று யோசிக்க எனக்கு நேரம் ஆகவில்லை. தன் வகுப்பால் பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று மேலே காட்ட வேண்டியவள் யாரோ, அவள்தான். அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கும் அறையை ஒழித்து அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். சுருட்டிய பாய்கள், ஒரு மேஜை, பூட்டிய அலமாரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். குரல் அத்தனை சாந்தமாக இருந்தது. அப்படிப்பட்ட குரல் என்றாலே எனக்கு உதைக்கும்.

அட்டையை மேஜைமேல் போட்டேன். "இத நிரப்புனது நீங்கதானே?"

"இல்லீங்க. சிட்டுதான்."

"ஒவ்வொரு நாளும் அடிச்ச கலர் இல்ல இது. வாரத்துக்கு ஒருதடவ, ஒரே உக்காரல்ல அடிச்சிருக்கு."

"ஆமாங்க. தெரியும்."

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

அவள் அட்டையை என் பக்கம் திருப்பிவைத்தாள். "இது வீட்டுக்கு வர்ற அட்டை. இங்கயே இருக்கற அட்டை வேற. அதுல அவ தினமும் இங்க வந்து கலர் அடிக்கறா."

என் கண் அலமாரிக்குப் போனது. அவள் பார்வையும் என்னோடு போய்த் திரும்பியது.

"அத எடுங்க, பாக்கறேன்."

"முடியாதுங்க. யாருக்கும் காட்ட மாட்டேன்னு பிள்ளைங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நான் பெத்தவ."

"அதனாலதாங்க." சொல்லிவிட்டு, சொன்னது கடுமையாகப் போய்விட்டதோ என்று அவளே பதறினாள். "வீட்டு அட்டைய மட்டும் ஏன் பச்சையா அடிக்கறேன்னு அவகிட்ட கேட்டேன். அம்மா வந்து கேட்டா பதில் சொல்லலாமான்னும் கேட்டேன். இந்த ஒண்ண மட்டும் சொல்லலாம்னா."

"என்ன சொன்னா?"

"'எங்கம்மா செக்கிங்ல இருக்காங்க மிஸ். தப்பு இருந்தா விட மாட்டாங்க.'"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் பிள்ளை என்னைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று இவளோடு உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறாள். அந்த அலமாரிக்குள் என்ன நிறம் இருக்கும்? நீலமா? நீலமாக இருந்தால் எத்தனை கட்டம்? கேட்டால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் கேட்கவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"வெள்ளிக்கிழம ரெண்டு பேரும் வாங்க. அவங்கப்பாவையும் கூட்டிட்டு" என்றாள் மூச்சு மிஸ்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். ரெண்டு பேரும் என்று அழுத்திச் சொன்னாளே, அது எதற்கு? சிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாளோ? கொட்டியிருந்தால்தான் என்ன, பொய்யா சொன்னாள் என்று பாதி வழியில் தோன்றியதும் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

சாயங்காலம் அவர் ஓட்டுகிற வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. டிவி போட்ட சத்தம் கேட்டது. சிட்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது.

"சிட்டு, அப்பாகிட்டப் போயி..."

என்ன விஷயம் என்றுகூட அவள் கேட்கவில்லை. எழுந்தாள். எழும்போதே கை வயிற்றுக்குப் போய்விட்டது. கேஸ் தீர்ந்ததைச் சொல்லவே மூன்று மூச்சு வேண்டியிருந்தவளுக்கு, வெள்ளிக்கிழமை அப்பாவைப் பள்ளிக்குக் கூப்பிட எத்தனை வேண்டும்? நான்கு மாதமாக ஒரு நாளைக்கு எத்தனை தடவை அனுப்பியிருப்பேன் என்று எண்ணப் பார்த்தேன். முடியவில்லை.

"இரு. நானே சொல்லிக்கறேன்."

சிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். காலரை உதறிப் பார்க்கிற பார்வை. எங்கிருந்து கற்றுக்கொண்டாள் என்று கேட்க வேண்டியதில்லை.

"நெசமாவா?"

"நெசமா."

அவள் நம்பவில்லை. நோட்டை மூடிவிட்டு என் பின்னாலேயே வந்தாள்.

நடுவழியில் என் கால் நின்றுவிட்டது. ஹாலில் அவருடைய பின்தலை மட்டும் தெரிந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றே மறந்துபோயிருந்தது. கை சுவரைத் தேடியது. விரலில் ஏதோ நெருடியது. குனிந்து பார்த்தேன். சிட்டுவின் இடுப்பு உயரத்தில், அவள் தினமும் நிற்கிற இடத்தில், சிவப்பு அம்புக்குறிகள். ஒன்றின்மேல் ஒன்றாக, சுவர் தெரியாத அளவுக்கு ஒட்டியிருந்தன. சில பழையவை, ஓரம் சுருண்டு வெளிறிப் போயிருந்தன.

ஹாலில் டிவி சத்தம் குறைந்தது. காலடி சிட்டுவுடையது இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் திரும்பவில்லை.

பின்னாலிருந்து ஒரு சின்னக் கை என் வயிற்றின்மேல் வந்து உட்கார்ந்தது.

"ஒண்ணு," என்றாள் சிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி. "இழும்மா. ரெண்டு... மூணு..."