பெரிய பாக்கெட் போகவில்லை

நானும் என் மனைவியும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறோம். சர்வர்கள் என் பொறுப்பு, அவற்றை இணைக்கும் ஸ்விட்சுகள் அவள் பொறுப்பு. ஏதாவது ஓடவில்லை என்றால் தப்பு யார் பக்கம் என்ற சண்டை வீடு வரைக்கும் வரும்.

அந்தச் சனிக்கிழமை நான்கு சர்வர்களைப் புதிய மெய்நிகர் நெட்வொர்க்குக்குத் தயார் செய்ய வேண்டும். நான்கு மணிக்குள் முடியாவிட்டால் எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைக்கச் சொல்லியிருந்தார் மேனேஜர். எனக்கு அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. ஆறு மணி ரயிலில் என் அக்கா தன் இரண்டு பசங்களோடு வருகிறாள். எங்களுடையது ஒற்றைப் படுக்கையறை வீடு. அக்கா வருவது பத்து நாளாக எனக்குத் தெரியும், மனைவியிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

காலையிலிருந்து சொல்லப் பார்த்தேன். ஒவ்வொரு சர்வராக, அதற்குள் மென்பொருளாகவே ஓடிய மெய்நிகர் கணினிகளை மற்ற மூன்றுக்கும் நகர்த்திக் காலி செய்து, புதிய மென்பொருளை ஏற்றி, மறுபடி எழுப்பினேன். ஒன்று முடிந்ததும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் அவள் முன்னால் நிற்பேன்.

"என்னங்க?" என்பாள்.

"காபி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன். இப்படியே நான்கு முறை.

மூன்றரைக்குச் சோதனை. இந்த நெட்வொர்க்கில் தகவலைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்னொரு உறைக்குள் போட்டுத்தான் அனுப்புவார்கள். உறையோடு சேர்ந்து அது பெருத்துவிடும், வழி நெடுக அந்தப் பெரிய அளவை அனுமதித்திருக்க வேண்டும். சின்னப் பாக்கெட் நான்கு சர்வருக்கும் சமர்த்தாகப் போய் வந்தது. பெரியது நான்காவதில் மட்டும் முட்டிக்கொண்டு நின்றது.

"உன் ஸ்விட்ச்தான்," என்றேன்.

"என் ஸ்விட்ச் மேல பழி போட்டுப் பாருங்க, தெரியும்!" விறுவிறுவென்று வந்து என் திரையில் தேடினாள். "இங்க பாருங்க. நாலாவது சர்வர்ல பாக்கெட் அளவு பழைய ஆயிரத்தைந்நூறே கெடக்கு. பன்னெண்டு வருஷமா இதே வேலைதான பாக்கறீங்க? மனசு எங்க இருக்கு?"

வார்த்தை தொண்டை வரை வந்தது. "காபி..."

"இன்னொரு தடவ காபின்னீங்க, கொன்னுடுவேன்."

மணி மூன்று ஐம்பது. கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவிட்டேன். "அக்கா வர்றா. ஆறு மணி ரயிலு. பசங்களும் வர்றாங்க. ஒரு மாசம் இருக்கச் சொல்லிட்டேன்."

அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து அளவை ஒன்பதாயிரமாக்கிச் சோதனையை மறுபடி ஓட்டினாள். பெரிய பாக்கெட் முழுசாகப் போய்த் திரும்பி வந்தது.

"அண்ணி போன வாரமே எனக்குப் போன் பண்ணிட்டாங்க," என்றாள், திரையைப் பார்த்தபடியே. "பசங்களுக்கு ரெண்டு மெத்தைக்குச் சொல்லி வச்சிருக்கேன், அஞ்சு மணிக்கு வந்துடும். நீங்க எப்பதான் வாயத் திறக்கறீங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

போன உயிர் திரும்பி வந்தது. இப்படி ஒருத்தி எனக்கு வாய்த்தாளே என்று கண்ணே கலங்கிவிட்டது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை மெல்ல என் பக்கம் திருப்பினாள்.

"அண்ணி ஒரு வாரம்னுதான சொன்னாங்க. ஒரு மாசம்னு சொன்னது யாரு?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"காபி குடிக்கிறியா?" என்றேன்.