ஒன்றேகால் மணிக் கணக்கு

அன்று திருமணப் பதிவு அலுவலகத்தில் இருந்தவர்கள்: நான், என் மகள், என் தம்பி, அவன் மனைவி, மாப்பிள்ளையின் தாய்மாமன், சாட்சிக் கையெழுத்துக்காக வந்த மருந்துக்கடைக்காரர். அங்கே இல்லாதவர்கள்தான் இன்று அதிகம் பேசுகிறார்கள், ஆகவே எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வெளிநாட்டில் குளிர்சாதன மெக்கானிக். காலை விமானத்தில் வந்து பதினொன்றரைக்குக் கையெழுத்திட வேண்டும். டிக்கெட்டில் புறப்பாடு 9.10, வருகை 10.25 என்று இருந்தது. முப்பத்தைந்து வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் நான். கழித்துப் பார்த்தேன், ஒன்றேகால் மணிப் பயணம்.

விமானம் தாமதம். "இப்பதான் கிளம்புது" என்று அவர் செய்தி அனுப்பியபோது நம் கடிகாரத்தில் மணி ஒன்பதரை. "பத்தே முக்காலுக்கு இறங்கிடுவார்" என்று எல்லோருக்கும் அறிவித்தேன்.

பதினொன்றரை ஆயிற்று. ஆள் இல்லை. போனும் அணைந்தே இருந்தது. மதியம் ஒரு மணிக்குள் வராவிட்டால் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான் என்றார் குமாஸ்தா.

"இறங்கி முக்கால் மணி நேரமாச்சு, அத்தான்" என்றாள் தம்பி மனைவி. "மனசு மாறிடுச்சோ என்னவோ."

நான் எழுந்தேன். "கிளம்பும்மா. நம்ம வீட்டுப் பொண்ணு யாருக்காகவும் வழி பார்த்து உட்கார வேண்டியதில்லை."

மகள் அசையவில்லை. "வருவார்ப்பா. நீங்க வேணா போங்க."

தாய்மாமன் லாரி ஓட்டியவர். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். "தூரம் எவ்வளவு, சம்பந்தி?"

"ரெண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர்."

"ஒன்றேகால் மணியிலயா? எங்க பையன் ஏரோப்ளேன்ல வர்றானா, ராக்கெட்ல வர்றானா?"

மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சுருங்கியது. எங்கள் ரயில் பாதையில் முதல் ஸ்டேஷனுக்கும் கடைசி ஸ்டேஷனுக்கும் ஒரே கடிகார மணிதான். இங்கே அப்படியில்லை. 9.10 அவர்கள் ஊர் மணி, 10.25 நம் ஊர் மணி. அவர்கள் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தியது. உண்மையில் இரண்டே முக்கால் மணிப் பயணம். அவர் இன்னும் வானத்தில் இருந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி மாப்பிள்ளை தலையில் விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை. நின்றபடியே சொன்னேன்: "தப்பு என்னுடையது. பன்னிரண்டேகாலுக்குத்தான் இறங்குவார்."

"அப்ப உட்காருங்கப்பா" என்றாள் மகள். உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மாப்பிள்ளை கசங்கிய சட்டையோடு ஓடி வந்தார். "மன்னிச்சுக்கோங்க மாமா, லேட்டாயிடுச்சு."

"பேனாவை எடுங்க மாப்பிள்ளை, மூடப்போறாங்க" என்றேன். ஐந்து நிமிடம் மிச்சமிருக்கையில் இருவரும் கையெழுத்திட்டார்கள்.

விமானம் இறங்கிய பிறகு மாப்பிள்ளை இரண்டு மணி நேரம் எங்கோ ஒளிந்திருந்தார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. ஒளியவில்லை. இறங்கி முப்பத்தைந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தார். பிசகியது என் கணக்கு.