உடம்புச் சூடு

அக்காளின் மடியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. ஜியாமெட்ரி பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரியது. ஆசாரியிடம் சொல்லிச் செய்தது, மேலே சிலுவை வேறு. திருவரங்குளம் போகும் சாலையில் இருக்கும் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் வரவேற்பறையில், அதை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அக்காளுக்கு அப்படியெல்லாம் இல்லை. புருஷனின் நுரையீரல் துண்டை வாங்கிப் போக வந்திருக்கிறாள், வெறுங்கையோடா வர முடியும்?

மச்சான் அந்தோணிமுத்து மினிபஸ் கண்டக்டர். பீடி வாசனையே அவருக்கு ஆகாது. பஸ்ஸில் எவனாவது பற்றவைத்தால் நடுவழியில் இறக்கிவிட்டுவிடுவார். அவருக்குப் போய் நுரையீரலில் கட்டி வந்தது. ஆபரேஷனில் வலப்பக்கம் ஒரு பகுதியை எடுத்தார்கள். அதில் கொஞ்சம் ஆராய்ச்சிக்குத் தர சம்மதமா என்று கேட்டபோது, "எடுத்துக்கிருங்க சார், இனி எனக்கு அது எதுக்கு?" என்று சிரித்தார். ஆனாலும் நோய் அவரை விடவில்லை. தவக்காலத்தில் ஆவூர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.

கல்லறைத் திருநாள் நெருங்க நெருங்க அக்காளுக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. கடைசி நாளில் எல்லோரும் எழுந்திருக்கும்போது மச்சான் மட்டும் குறை நெஞ்சோடு நிற்பாராம். ஆண்டவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை என்று பங்குச் சாமியார் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். நானும் அறிவியல் வாத்தியார் என்ற தோரணையில் ஏதோ ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இருடா பால்ராசு. சட்டையில ஒரு பொத்தான் இல்லைன்னா நீ ஸ்கூலுக்குப் போவியா?" என்றாள். திருநாளுக்குள் துண்டை வாங்கி வந்து மச்சானோடு சேர்த்துப் புதைப்பது என்று முடிவாயிற்று.

எங்களை உள்ளே அழைத்துப் போனது இலக்கியா என்ற பெண். வல்லத்திராக்கோட்டைக்காரி. அங்கே ஆராய்ச்சி செய்கிறாள். பெட்டியைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

"நீங்க கேட்டா குடுத்துருவோம்மா. அது ஒங்க உரிமை. ஆனா மருந்து ஊத்தி நிறுத்தித்தான் குடுக்க முடியும். நிறுத்திட்டா திரும்ப வராது."

"எதை நிறுத்துறது?"

"வளந்துக்கிட்டு இருக்குல்லம்மா, அதை."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் இருவரும் நினைத்து வந்தது பாட்டிலில் ஊறிக் கிடக்கும் ஒரு சதைத்துண்டு. எங்கள் பள்ளி லேபில் தவளை கிடக்குமே, அப்படி. வருஷம் தவறாமல் செல் பாடம் நடத்துகிற எனக்கும் வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

"உசுரோடவா இருக்கு?" அக்காளின் குரல் கோயிலுக்குள் பேசுவதுபோல் தணிந்துவிட்டது.

இலக்கியா ஓர் இரும்பு அலமாரி முன்னால் போய் நின்றாள். "இதுக்குள்ளதாம்மா. மனுச உடம்புச் சூடு எம்புட்டோ, அம்புட்டு வச்சிருக்கோம். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பாட்டுத் தண்ணி மாத்துவோம்."

அக்கா உள்ளங்கையை அந்தக் கதவில் வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. "கடைசியா தொட்டப்ப ஐஸ் பொட்டியில சில்லுன்னு கெடந்தாரு" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

இலக்கியா ஒரு தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, முதலில் என்னைப் பார்க்கச் சொன்னாள். பாயசத்து ஜவ்வரிசிபோல உருண்டைகள், உள்ளே வெற்றிடம். ஒன்றின் உள்விளிம்பு முழுக்க மெல்லிய மயிர்கள் துடித்துக்கொண்டிருந்தன. நடுவில் தூசி போன்ற ஏதோ அந்தத் துடிப்பில் சுற்றிச்சுற்றி வந்தது. மூச்சுக்குழாயில் தூசியை மேலே தள்ளுகிற மயிர்கள் அவை. மச்சான் போய்ச் சேர்ந்தது அவற்றுக்குத் தெரியாது. புதுக்கோட்டை ரோட்டுப் புழுதியை இன்னமும் தள்ளிக்கொண்டிருந்தன.

அக்கா குனிந்து பார்த்தாள்.

"இது கட்டி இல்லாத நல்ல எடத்துல எடுத்து வளத்தது" என்று இலக்கியா அடுத்த தட்டை மாற்றி வைத்தாள். "இதுவும் அதே நல்ல செல்லுதாம்மா. அவரு கட்டியில இருந்த ஒரே ஒரு ஜீன் மாத்தத்தை மட்டும் இதுக்கு நாங்களா குடுத்தோம். நல்லது கெட்டதா மாறுற அந்த மொத அடியை இப்புடித்தான் பாக்க முடியும்."

அதில் உருண்டைகள் கோணலாகி, வெற்றிடம் தூர்ந்துகொண்டிருந்தது. பல உருண்டைகளில் சுழற்சி இல்லை. மச்சானுக்குள் எந்த நாளில் இது நடந்ததோ? அன்றைக்கும் அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டு, படியில் தொங்குகிற பையன்களை வைதுகொண்டுதான் இருந்திருப்பார். வீட்டுக்கு வந்து குழம்பில் உப்புக் குறைவு என்றிருப்பார். யாருக்குமே தெரியாமல் நடந்த அந்த ஒன்று இதோ வெளிச்சத்தில், கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது.

"அவருக்கு ஏன் வந்துச்சுன்னு இது சொல்லுமாம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"எப்புடி வந்துச்சுன்னு சொல்லும். ஏன்னு..." இலக்கியா பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு, "இன்னொருத்தருக்கு வாரப்ப முன்னாடியே நிறுத்த முடியுமான்னு பாக்குறோம்மா" என்றாள்.

"மொத தட்டை இன்னொருக்க வைங்க."

அதை வைத்ததும் அக்கா கையிலிருந்த பெட்டியை என்னிடம் கொடுத்தாள். கோயிலில் நற்கருணை முன்னால் செய்வதுபோல முக்காடு போட்டுக்கொண்டு குனிந்தாள். முதுகு அசையவே இல்லை. மூச்சு விடுகிறாளா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது.

இலக்கியா என்னைப் பார்த்தாள். தட்டை அதிக நேரம் வெளியே வைத்திருக்கக்கூடாது போலிருக்கிறது. தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "என்ன செய்யட்டும்மா? மருந்து ஊத்திரவா?"

அக்கா கண்ணை எடுக்கவில்லை. தூங்குகிறவர் பக்கத்தில் யாராவது சத்தம் போட்டால் செய்வதுபோல, ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி எங்களை அடக்கினாள். வளையல் இல்லாத அந்தக் கை அப்படியே நின்றது. நானும் அந்தப் பெண்ணும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.