ஓட்டை விழாத டோக்கன்

முகம்மது ரபீக் ஐந்தருவிக் கடையொன்றில் வாங்கிவந்த பித்தளை டோக்கன் தென்காசியில் அவர் வீட்டுக்குள் நுழைந்த நாள்முதல், அங்கே எவர் எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் சில்லறை கிடைக்காதபோது பலசரக்குக் கடைக்காரர்கள் மீதிக்குப் பதிலாகக் கொடுத்த டோக்கன்களை, துபாயிலிருந்து திரும்பிய பிறகு அவர் சேர்த்துவந்தார். இதில் திருவேங்கடத்துக் கடையொன்றின் பெயரும் 'கால்படி அரிசி' என்ற எழுத்தும் இருந்தன. அரிசி அளந்து கொடுத்ததும் டோக்கனில் ஆணியால் ஓட்டை போடுவது அந்தக் கடைக்காரர்கள் வழக்கம். இதில் ஓட்டை இல்லை. யாருக்கோ சேரவேண்டிய அரிசி சேரவேயில்லை. ஓட்டையில்லாததற்கே விலை அதிகம் என்று ரபீக் மகிழ்ந்திருந்தார்.

சாரல் காலத்தில் வாங்கியது. மார்கழிக்குள் மகள் ஹம்னா சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னத் தொடங்கினாள். டாக்டர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். கைக்குழந்தை யாசர் குடிக்கக் குடிக்க மெலிந்து, பால் வாயோடே மௌத்தாகி மண்ணுக்குள் போனான். நோன்பு மாதத்தில் ரபீக் டோக்கனைச் சட்டைப்பையில் வைத்துப் பள்ளிவாசலுக்குப் போன அன்று, கஞ்சி குடித்த ஜமாத்தார் அத்தனை பேரும் பசியோடே எழுந்தார்கள். காரணம் அப்போதுதான் தெரிந்தது.

வடகரையிலிருந்து கௌரிசங்கர் என்ற சேகரிப்பாளர் நல்ல விலை பேசிக்கொண்டு வந்தார். ரபீக் பசி விஷயத்தை மறைக்காமல் சொன்னார். "பசிய நான் பாத்துக்கிடுதேன் பாய், பொருளத் தாங்க" என்று சிரித்தார். ரபீக் கொடுத்துவிடத்தான் இருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி மெஹர் பானு கேட்டாள்: "அண்ணாச்சி, ஒங்க வீட்ல சின்னப் பிள்ளைய இருக்கா?"

"பேத்தி பொறந்து மூணு மாசம்."

"அப்பம் இத எடுத்துட்டுப் போவாதிய."

அவர் போனபின் கணவரிடம், "குடுக்க வேண்டியவுக குடுத்தா அடங்கும். கடைக்காரர் வாரிசத் தேடுங்க" என்றாள்.

திருவேங்கடத்தில் அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கடைக்காரரின் பேரன் முத்துகுமரன், "தாத்தா வாக்குக்கு என்ட்ட வந்து நிக்கியளே பாய்! போனுக்குக் கவர் வேணும்னா தாரேன்" என்றான். பிறகு ரபீக்கின் கன்ன எலும்புகளைப் பார்த்தான். பின்னாலிருந்த வீட்டுக்குள் போய் அரிசி கொண்டுவந்தான். படி இல்லாததால் டம்ளரால் அளந்து, மேலே ஒரு கை கூடப் போட்டான். டோக்கனை வாசற்படியில் வைத்து ஆணி அடித்தான்.

அந்த அரிசியைப் பொங்கிய அன்று ஹம்னா பாதித் தட்டில் கையை எடுத்து, "போதும் உம்மா" என்றாள். அல்லாஹ் நாடினால் ஒரு கை அரிசியிலும் பரக்கத் வைத்துப் பெருக்குவான் என்று தெரிந்த தெரு அது. அதிசயமென்று யாரும் பேசவில்லை. மெஹர் பானு மிச்சச் சோற்றை மூடிவைத்துவிட்டு, அதுவரை அவிழ்க்காமலிருந்த யாசரின் தொட்டில் சேலையை அவிழ்த்து மடித்தாள்.