டப்பாவின் பின்பக்கம்

வீட்டில் எந்தப் பொட்டலம் அதிகம் செலவாகிறதோ அதன் உறையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் ஹந்தோகோ சார். பகலெல்லாம் இறால் அப்பளம் பொரித்துவிட்டு வேலை செய்பவர்களுக்கான மாலை வகுப்புக்குப் போகும் தார்சினி, தீர்ந்துபோன கெட்டிப்பால் டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் நூடுல்ஸ் உறையும் சாஸ் பாட்டிலுமாக வருவார்கள், தன்னுடையது கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

சார் கரும்பலகையில் நாலு கட்டம் போட்டார். முதல் கட்டத்தில், வயலிலும் கடலிலும் கிடைத்தபடியே வருகிற அரிசி, மீன். அடுத்ததில் உப்பு, எண்ணெய், சர்க்கரை. மூன்றாவதில், இவற்றைச் சேர்த்துச் செய்த கருவாடு. நாலாவது, தொழிற்சாலையில் பிரித்து, உருமாற்றி, மறுபடி சேர்த்துச் செய்தது.

"எல்லாரும் பின்பக்கம் திருப்புங்க. எது அதிகமோ அத முதல்ல எழுதியிருப்பான். உங்க வீட்டு அடுப்படியில இல்லாத பேர் வந்தா அடிக்கோடு போடுங்க."

"சார், கோடு போட்டுப் போட்டு என் பேனாவே தீர்ந்துபோச்சு," என்றான் நூடுல்ஸ் வண்டிக்கார காஸ்மான். "இதுல பாதி, சாப்பாட்டுப் பேர் மாதிரியே இல்ல. பெயிண்ட் கடைப் பேர் மாதிரி இருக்கு."

வகுப்பு சிரித்து அடங்கியது. "பேருக்குப் பதிலா எண் போட்டிருந்தா விஷம்னு ஓடிடாதீங்க," என்றார் சார். "கெட்டுப்போகாம இருக்கப் போட்டதா, இல்லாத ஒண்ண இருக்கற மாதிரி காட்டப் போட்டதா? அதக் கேளுங்க."

தார்சினி தன் டப்பாவில் இருந்ததை வரிசையாக எழுதினாள். ஒன்று, சர்க்கரை. இரண்டு, தண்ணீர். மூன்று, தாவர எண்ணெய். நாலாவதாகத்தான் பால் பொடி வந்தது. அதுவும் நூற்றுக்கு ஏழு பங்கு. பிறகு கெட்டியாக்க ஒன்று, எண்ணெய் பிரியாமலிருக்க ஒன்று, வாசனைக்கு ஒன்று.

தான்தான் தப்பாகப் படிக்கிறோமோ என்று டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பட்டியல் வேறெங்கோ தொடங்குகிறதோ? இல்லை. அதற்குக் கீழே எறும்பு வரிசை மாதிரி இன்னொரு வரி இருந்தது. கைக்குழந்தைக்கு ஏற்றதல்ல, இதை மட்டும் நம்பிக் குழந்தையை வளர்க்கக் கூடாது என்றது அது.

காஸ்மான் எட்டிப் பார்த்தான். "என்ன தார்சினி, இதுக்குள்ள பால் விருந்தாளியா வந்து தலையக் காட்டிட்டுப் போயிருக்கே!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் ஊரான இந்திரமாயுவில் எல்லாருக்கும் அது பால்தான். மேலே இரண்டு துளை போட்டு, கிளாஸில் ஊற்றி, வெந்நீர் கலந்தால் பால். தார்சினியும் அதைக் குடித்து வளர்ந்தவள்தான். அக்கா ரோக்காயா தைவானுக்கு முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனபோது மகள் கினந்திக்குப் பதினோரு மாதம். இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அவளை வளர்க்கும் தார்சினியின் கையால் ஒரு நாள்கூடத் தவறாமல் மூன்று கிளாஸ்.

போன மாதம் ஊர்க் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாளில் கினந்தியின் அட்டையில் வைக்கும் புள்ளி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. "என்னடி சாப்பிடறா?" என்று கேட்டாள் எடை போடும் எமி அக்கா. "சோறு ரெண்டு வாய்தான்க்கா. ஆனா பால் மூணு கிளாஸ் குடிச்சிடுவா." "அப்ப பயமில்ல," என்று எமி அக்கா எழுதிக்கொண்டாள். பசியைக் கொன்றதே அந்தக் கிளாஸ்தான் என்று அன்று இருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரோக்காயா அக்கா போனில் வருவாள். சொன்னால் அக்காவின் நம்பிக்கை போய்விடும், கினந்தியை மாமியார் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிடுவாள். சொல்லாமல் விட்டால்? தார்சினி நோட்டில் நாலு வாக்கியம் எழுதி மூன்றை அடித்தாள். மிச்சமிருந்ததும் சரியென்று படவில்லை.

திரையில் அக்காவின் முகம் வந்தது. "என் செல்லம் பால் குடிச்சாளா?"

"அக்கா, அது பாலே இல்லக்கா." எழுதியது எதுவும் வாயில் வரவில்லை. "பாதி சர்க்கரை. பின்னாடியே போட்டிருக்கு. நான் படிக்கல."

"என்னடி உளர்ற? படிக்கப் போனதும் பெரிய டாக்டராயிட்டியா?"

தார்சினி டப்பாவைத் திரைக்கு அருகில் பிடித்து வரிசையாகப் படித்தாள். ஏழு என்ற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "எடையும் குறைஞ்சிருக்கு. பல்லும்... போன்ல பேசும்போது வாய மூடிட்டுச் சிரின்னு அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நீ பாத்தா திட்டுவியோன்னு பயம். ஏதோ தப்புன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்குக்கா."

அக்கா முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தாள். பிறகு, "அவளக் காட்டு," என்றாள்.

கினந்தி வாயைத் திறந்தாள். முன்பற்கள் கறுத்து, மொட்டையாகி, ஈறோடு நின்றன. திரையில் அம்மா அழுவதைப் பார்த்து, தான் ஏதோ வித்தை காட்டிவிட்டதாக நினைத்து இன்னும் பெரிதாகத் திறந்தாள்.

"மாமியார் வீட்டுல விடச் சொல்லப்போறியாக்கா?"

"அங்க மட்டும் என்ன, பசுவா கட்டியிருக்காங்க? அதே டப்பாதான்." ரோக்காயா மூக்கைத் துடைத்தாள். "வேலைக்கு அனுப்பற ஏஜென்ட் கூப்பிட்டான்னு ஒரே வாரத்துல தாய்ப்பால நிறுத்தி இந்தக் கிளாஸப் பழக்கினவ நான்டி. உன்ன என்ன சொல்ல? இங்க அந்தத் தாத்தாவுக்கு தினம் நல்ல பால் காய்ச்சிக் கொடுக்கறேன். என் பொண்ணும் அங்க குடிக்கறான்னு நினைச்சுட்டுத்தான் கொடுப்பேன்."

நாளைக்கே பல் டாக்டரிடம் காட்டு, முட்டை கொடு, மீன் கொடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தார்சினி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

அதற்குள் கினந்திக்குத் தூக்க நேரம் வந்துவிட்டது. கிளாஸைக் கேட்டாள். தார்சினி வெறும் தண்ணீரைக் கொடுத்தாள். தட்டிவிட்டாள். அவித்த முட்டையைக் கொடுத்தாள். துப்பினாள். தரையில் புரண்டு, "பால்! பால்!" என்று கத்தத் தொடங்கினாள்.

"அக்கா, அப்புறம் கூப்பிடறேன்."

"வைக்காத," என்றாள் ரோக்காயா. "போன அவ பக்கத்துல வை."

அழுகை விக்கலாகி, விக்கல் தூக்க மூச்சாகும்வரை முக்கால் மணி நேரம் ஆனது. தார்சினி சுவரில் சாய்ந்திருந்தாள். கினந்தியின் தலைமாட்டில் இருந்த போனில் அக்கா இன்னும் இருந்தாள்.